ஒரு ஹெக்டேர் பட்டா நிலத்தில் கருங்கல் குவாரி: சுற்றுச்சூழல் அனுமதிக்கு எங்கிருந்து தொடங்குவது?

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கரூர் மாவட்டத்தில் அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டுப் பட்டாவாக 2 ஏக்கர் 47 சென்ட் நிலம் இருக்கிறது, சரியாக ஒரு ஹெக்டேர். மானாவாரி மேட்டுக்காடு. சோளம் விதைத்துக்கொண்டிருந்தோம், பல வருடமாக அதுவும் இல்லை. ஒரு ஆள் உயரத்துக்குத் தோண்டினால் போதும், கீழே முழுக்கப் பாறை. பாலிஷ் போடுகிற கிரானைட் இல்லை, கட்டடத்துக்கும் ஜல்லிக்கும் ஆகிற கருங்கல்தான். நிலம் வடக்கு தெற்காக 200 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம்.

கிழக்கே அரை கிலோமீட்டருக்குள் ரெண்டு குவாரிகள் ஓடுகின்றன. ஒன்று 2.5 ஹெக்டேர், இன்னொன்று 1.8 ஹெக்டேர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மூன்று தோட்டத்து வீடுகள் உண்டு, ஊர் இன்னும் தள்ளி இருக்கிறது. நான் போட்ட கணக்கு: 50 × 200 × 20 மீட்டர் ஆழம், ஆக 2 லட்சம் கனமீட்டர் கல். இதை நம்பித்தான் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஒருவர், 5 ஹெக்டேருக்குக் கீழே என்றால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்கிறார். இன்னொருவர், கருத்துக்கேட்புக் கூட்டம் வரைக்கும் போகும், அதற்குள் வட்டி தலைக்கு மேலே போய்விடும் என்கிறார். எது சரி? முதலில் யாரைப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மேட் எழுதியது:

தம்பி, கடனை இப்போது வாங்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் குவாரியில் மேட்டாக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக இருந்தவன், அப்புறம் சுரங்கத் திட்டம் போடுகிறவர்களுக்கு அளவெடுத்துக் கொடுத்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 5 ஹெக்டேர் பேச்சு. அது 2012க்கு முந்தைய கதை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி சின்னக் குவாரிகள் வெளியேதான் இருந்தன. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அரை ஹெக்டேர் என்றாலும் இ.சி. (சுற்றுச்சூழல் அனுமதி) வாங்காமல் ஒரு கல் எடுக்க முடியாது. எடுத்தால் அபராதத்தோடு போகாது, 2017இல் காமன் காஸ் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு எடுத்த கல்லின் முழு மதிப்பையும் கட்டச் சொல்வார்கள். அனுமதித்த அளவுக்கு மேலே எடுத்தாலும் இதே கதிதான்.

இப்போது உங்கள் 2 லட்சம் கனமீட்டர். இந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கி நிலத்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் பொறுமையாகப் படியுங்கள். பக்கத்துப் பட்டா நிலத்தில் இருந்து 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும், புறம்போக்கு என்றால் 10 மீட்டர். நாலு பக்கமும் பட்டா என்றே வைத்துக்கொண்டாலும் 50 மீட்டர் அகலம் 35 ஆகிவிடும், 200 என்பது 185 ஆகும். அடுத்தது, நேராகக் கீழே வெட்டிக்கொண்டு போக முடியாது, படி படியாகத்தான் இறங்க வேண்டும். வழக்கமாகத் திட்டத்தில் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று பெஞ்ச் போடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ரெண்டு பக்கமும் 5 மீட்டர் உள்ளே போகும். முதல் படி 35 × 185, ரெண்டாவது 25 × 175, மூன்றாவது 15 × 165. நாலாவது படியில் அகலம் வெறும் 5 மீட்டர், அதில் பொக்லைன் நின்று திரும்பவே முடியாது. ஆக உங்கள் ஆழம் 20 இல்லை, 15 தான். மூன்று படியும் சேர்த்தால் 66,625 கனமீட்டர். அதில் மேலே 2 மீட்டர் மண்ணும் கிராவலும் 12,950 கனமீட்டர் போனால் கல் 53,675. வண்டி ஏறி இறங்க ரேம்ப் விட்டால் அதிலும் ஒரு பங்கு போகும். உங்கள் கணக்கில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இதே ஒரு ஹெக்டேர் 100 × 100 சதுரமாக இருந்திருந்தால் 25 மீட்டர் ஆழத்துக்கு ஐந்து படி போடலாம், மண்ணோடு சேர்த்து 1,10,000 கனமீட்டருக்கு மேலே வரும். பரப்பு ஒன்றுதான், வடிவம் மாறினால் எல்லாம் மாறும். சித்தப்பாவுக்கோ வேறு பங்காளிக்கோ பக்கவாட்டில் ஒட்டின நிலம் இருந்தால் அதைச் சேர்த்துப் போடுவது பற்றி இப்போதே பேசுங்கள். கூட்டுப் பட்டா என்பதால் எப்படியும் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

படியை விட்டுவிட்டு நேராக வெட்டினால் கூடக் கல் கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து உள்ளே நின்றவர்கள் சிக்கி இறந்ததை மறக்காதீர்கள். மேலே தொங்கும் கல் சரியும் முன்னால் பெரிதாகச் சத்தம் போடாது. பொடிக்கல் ரெண்டு மூன்று உருண்டு வரும், அவ்வளவுதான் அது கொடுக்கிற அவகாசம். அந்தச் சரசரப்பு கேட்டு ஓடி வந்தவன் நான், அதனால் இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வரைபடம் எழுதியது:

பழைய மேட் ஐயா சொன்ன கணக்கோடு அனுமதிப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், இந்தக் கோப்புகள்தான் தினமும்.

உங்கள் விஷயத்தைத் தீர்மானிப்பது உங்கள் நிலம் இல்லை, அதைச் சுற்றி இருக்கிற 500 மீட்டர். 2016 ஜனவரி 15 அறிவிக்கையில் கிளஸ்டர் என்று ஒன்று வந்தது. ஒரே வகைக் கனிமம் எடுக்கும் குத்தகைகளின் எல்லைகளுக்கு இடையே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டுவார்கள். உங்களுடையது 1, பக்கத்தில் 2.5, இன்னொன்று 1.8. கூட்டினால் 5.3 ஹெக்டேர். 5ஐத் தாண்டிவிட்டதால் எளிய வழியான பி2 வகை இல்லை, முழு ஆய்வு கேட்கிற பி1 வகை. பி1 என்றால் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்கிற ஆய்வு வரையறை வாங்கி, மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், காற்று, தண்ணீர், ஒலி, மண் எல்லாம் அளந்து அறிக்கை தயாரித்து, கருத்துக்கேட்புக் கூட்டம் முடித்து, பிறகுதான் மாநில மதிப்பீட்டுக் குழு முன்னால் போக முடியும்.

ஆனால் அந்த ரெண்டு குவாரிகளின் தேதியைப் பாருங்கள். 2016 ஜனவரி 15 அன்றே அனுமதி பெற்றிருந்த குத்தகையும், மூன்று வருடமோ அதற்கு மேலோ ஓடாமல் கிடக்கிற குத்தகையும் பரப்புக் கணக்கில் சேராது. இதை வாய்ப்பேச்சில் முடிவு செய்யாமல், மாவட்ட கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் 500 மீட்டர் சுற்றளவுக் கடிதம் என்று கேளுங்கள். ஓடுகிறவை, கைவிட்டவை, விண்ணப்பித்தவை எல்லாம் பரப்போடு அதில் இருக்கும். இந்த ஒரு தாள்தான் உங்கள் வழி எது என்று சொல்லும்.

மற்றபடி வரிசை இதுதான். கனிமவளத் துறையில் விண்ணப்பம், வருவாய்த் துறை விசாரணை, எவ்வளவு பரப்பு என்று உறுதி செய்கிற துல்லியப் பரப்புக் கடிதம், தகுதி பெற்றவர் போட்டுக்கொடுக்கிற சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல், பிறகு அரசின் பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பம், அது கிடைத்த பின் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, கடைசியில் குத்தகைப் பத்திரம். பட்டா நிலம் என்பதால் 1959 சிறுகனிமச் சலுகை விதிகளில் விதி 19 உங்களுக்குப் பொருந்தும். ஏலம் கிடையாது.

நீங்கள் ரெண்டு விஷயம் சொல்லவில்லை. பக்கத்தில் ஓடை, ஏரி, உயரழுத்த மின்கம்பி ஏதாவது உண்டா? அந்த மூன்று வீடுகளும் சரியாக எத்தனை மீட்டர்?

மேட்டுக்காடு எழுதியது:

ரெண்டு பேருக்கும் மிக்க நன்றி. பழைய மேட் ஐயா கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது.

ஓடை இருக்கிறது. வடக்கு எல்லையை ஒட்டியே போகிறது. மழை நாளில் மட்டும் தண்ணீர் ஓடும் என்பதால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வீடுகளை போனில் அளந்து பார்த்தேன், கிட்டத்தில் இருப்பது 220 மீட்டர், மற்ற ரெண்டும் 300ஐ ஒட்டி. இன்னொன்று, நிலத்தின் தெற்கு மூலையில் ஒரு பழைய குழி இருக்கிறது. தாத்தா காலத்தில் கிணறு கட்டக் கல் எடுத்தது என்று அப்பா சொல்கிறார்.

வேகம் எழுதியது:

நண்பரே, எதற்கு இவ்வளவு சுற்று? 0.7 ஹெக்டேருக்கு மட்டும் விண்ணப்பம் போடுங்கள். 2.5 + 1.8 + 0.7 சரியாக 5. தாண்டவில்லை, பி2 ஆகிவிடும், கூட்டமும் கிடையாது. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடம் எழுதியது:

வேகம் சொல்வதில் ஒரு பாதி சரி. ஓடைக்கு 50 மீட்டர் விட வேண்டும், வறண்ட ஓடை என்றாலும் வருவாய்க் கணக்கில் ஓடை ஓடைதான். ஆகவே வடக்கே 50 மீட்டர் உங்களுக்கு எப்படியும் உதவாது. அந்தப் பகுதியைக் குத்தகையில் சேர்க்காமல் விடுவதில் தப்பில்லை. ஆனால் விடுவதற்குக் காரணம் ஓடையாக இருக்க வேண்டும், கூட்டத்தைத் தவிர்ப்பதாக இருக்கக்கூடாது. மிச்சத்தை அப்புறம் தனியாகப் போடலாம் என்று நினைத்தால் அதே சர்வே எண், அதே பட்டாதாரர், குழுவில் கண்டுபிடிக்க ரெண்டு நிமிடம் ஆகாது. அதோடு நீங்கள் விண்ணப்பித்த மறுமாதம் பக்கத்தில் வேறு யாராவது அரை ஹெக்டேருக்குப் போட்டாலே கூட்டுத்தொகை 5ஐத் தாண்டிவிடும். அந்தக் கணக்கில் வாழ்க்கையை வைக்காதீர்கள்.

ஓடையை விட்டால் நீளம் 142.5 மீட்டர். மூன்று படிக்கு மண் போக நான் போட்டதில் சுமார் 40,700 கனமீட்டர் கல் வருகிறது, ஒரு லட்சத்து ஐயாயிரம் டன்னை ஒட்டி. ஐந்து வருடக் குத்தகை, வருடம் 300 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்குப் பாறையாக 27 கனமீட்டர். யூனிட் (100 கன அடி) கணக்கில் ஒன்பதரை, உடைத்தால் பொங்கிக் கூடும். இதற்குள் கனிம உரிமத் தொகை, மாவட்டக் கனிம நிதி, வெடி, டீசல், கூலி, மேலாளர் சம்பளம், பசுமை வளையம் எல்லாம் அடங்க வேண்டும். கட்டுப்படியாகுமா என்று அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

வீடு பற்றி. விதியில் குடியிருப்பில் இருந்து 300 மீட்டர் என்று இருக்கிறது. ஆனால் குடியிருப்பு என்பதற்கு வருவாய்க் கணக்கில் உள்ள நத்தம், வீட்டுமனை, அங்கீகரித்த மனைப்பிரிவு என்றுதான் விளக்கம். தோட்டத்தில் தனியாக இருக்கிற வீடு அந்த விளக்கத்தில் வராமல் போகலாம், பலர் இதை வைத்துத்தான் தப்பிக்கிறார்கள். ஆனால் மதிப்பீட்டுக் குழு அப்படி விடுவதில்லை. 300 மீட்டருக்குள் எந்தக் கட்டடம் இருந்தாலும் தூரம், யார் இருக்கிறார்கள், ஓட்டு வீடா தளம் போட்ட வீடா என்பது வரை வி.ஏ.ஓ. சான்றோடு கேட்கிறது, ட்ரோன் படமும் கேட்கிறது. 220 மீட்டர் வீட்டை மறைத்துக்கொண்டு போகிற கோப்பு திரும்பித்தான் வரும்.

கிணற்றடி எழுதியது:

இந்தத் திரியில் எழுதலாமா என்று யோசித்தேன். நான் குவாரிக்காரி இல்லை. வேறு மாவட்டத்தில், குவாரியில் இருந்து 240 மீட்டரில், நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு தோட்டத்து வீட்டில் இருப்பவள். காகிதத்தில் எங்கள் வீடு குடியிருப்பு இல்லை. அதில் மூன்று தலைமுறை பிறந்திருக்கிறது.

மதியம் வெடி வைக்கும்போது அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்று சத்தம் வரும். சுவரில் விரிசல் வந்தபோது போய்ச் சொன்னோம், பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதன் பிறகு நான் ஒன்று செய்தேன். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு. சமையலறைச் சுவரில் இப்போது ஏழு கோடுகள் இருக்கின்றன. அதைப் படம் எடுத்துத்தான் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுத்தேன், வீடியோவிலும் பதிவானது. பக்கத்துக் குவாரி விரிவாக்கம் கேட்டபோது நடந்த கூட்டம் அது. 30 நாள் முன்னால் பேப்பரில் வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் போனேன். கூட்டம் என்றாலே எதிர்க்க வருகிறவர்கள் என்று நினைக்காதீர்கள் தம்பி. எங்களில் பாதிப் பேர் கேட்டது, வெடி வைக்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள், ரோட்டில் தண்ணீர் தெளியுங்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டிப்பரை நிறுத்துங்கள், இவ்வளவுதான்.

அந்த 220 மீட்டர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் கேட்க வந்தேன்.

பழைய மேட் எழுதியது:

அம்மா எழுதியதில் ஒவ்வொரு வரியும் உண்மை. தம்பி, அந்த வீட்டுக்காகவே வெடியைத் திட்டமிட வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை 7 இருக்கிறது. நமக்குச் சொந்தமில்லாத வீடுகளில் அதிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 25 வரை 10, அதற்கு மேலே 15. இதற்குள் வைக்க முக்கியமான வழி, ஒரே நேரத்தில் வெடிக்கிற மருந்தின் அளவைக் குறைப்பது. எல்லாக் குழியும் ஒன்றாக வெடிக்காமல் டிலே டெட்டனேட்டர் போட்டு வரிசை வரிசையாக விட வேண்டும், ஜாக் ஹாமரில் சின்னக் குழி, குறைந்த மருந்து. கல் கொஞ்சம் பெரிதாக விழும், ராக் பிரேக்கர் வைத்து உடைத்துக்கொள்ளலாம். செலவு கூடும்தான், ஆனால் அம்மா வீட்டில் போட்ட மாதிரி அந்த வீட்டுச் சுவரில் கோடு போட வேண்டி வராது.

குழி போடும்போது தண்ணீர் விட்டுத்தான் துளைக்க வேண்டும், இதை ஒப்பந்தக்காரர் பேச்சில் விட்டுவிடாதீர்கள். உலர் துளையில் வேலை செய்கிறவனைச் சாயந்திரம் பாருங்கள், இமை முடி வரை வெள்ளையாக இருக்கும். கழுவினால் முகத்தில் இருப்பது போய்விடும், உள்ளே போன தூசி போகாது. சிலிக்கோசிஸில் என்னோடு வேலை செய்தவர்களை இழந்திருக்கிறேன், அதில் ஒருவனுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, முகத்தில் துண்டு கட்டினால் அது நிற்காது.

7.5 மீட்டர் இடைவெளியில் மரம் நடச் சொல்வார்கள். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை என்று நம் மரமாக, குவாரி திறக்கும் முன்னாலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆய்வுக்கு வருகிற வாரத்தில் குச்சியை நட்டுப் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஐந்து வருடம் கழித்து 15 மீட்டர் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், ஊர்ப் பிள்ளைகள் குளிக்க வரும், அதனால் வேலிக்கான பணத்தை முதல் வருடமே தனியாக எடுத்து வையுங்கள்.

மேட்டுக்காடு எழுதியது:

கிணற்றடி அக்கா, அந்த வீட்டில் ஒரு பாட்டியும் அவர் மகனும் இருக்கிறார்கள். பாட்டி சின்ன வயதில் எனக்குக் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தவர். நீங்கள் கேட்டபோது அந்த வீட்டை இத்தனை நாள் வெறும் மீட்டராகவே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசப் போகிறேன். வேலை தொடங்குவதாக இருந்தால் அதற்கு முன்பே மூன்று வீட்டுச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து அவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுவேன்.

கடன் பேச்சை நிறுத்திவிட்டேன். திங்கள்கிழமை 500 மீட்டர் கடிதத்துக்கு மனு கொடுக்கிறேன். மேற்கே ஒட்டி இருக்கிற நிலம் சித்தப்பாவின் மைத்துனருடையது, அவரோடு சேர்ந்து போடலாமா என்று சித்தப்பா பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சேர்த்தால் 5ஐத் தாண்டுவது உறுதி, கூட்டமும் உறுதி. நடக்கட்டும் என்று இருக்கிறேன். சேரவில்லை என்றால் 40,700 கனமீட்டருக்கு இந்த வேலையில் இறங்கப் போவதில்லை.

அந்தப் பழைய குழியை மண் போட்டு மூடிவிடலாமா? சுரங்கத் திட்டம் போடுகிறவர் வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது என்று அப்பா சொல்கிறார்.

பழைய மேட் எழுதியது:

மூடவே மூடாதீர்கள். மூடினால் புது மண் பார்த்தவுடன் தெரியும், எதையோ மறைத்தது போல ஆகிவிடும், நேற்று திருட்டுத்தனமாக எடுத்தீர்களா என்ற கேள்வி வரும். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் நீளம், அகலம், ஆழம் அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்து, சுரங்கத் திட்ட வரைபடத்தில் பழைய குழி என்றே காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். உள்ளே முளைத்திருக்கிற வேலிக்காத்தானையும் வெட்ட வேண்டாம், அங்கே எத்தனை வருடமாகக் கல் எடுக்கவில்லை என்பதற்கு அதன் தண்டே சாட்சி. அடி மரத்தின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து படத்தில் தெரிகிற மாதிரி எடுத்துவிடுங்கள்.